எத்தனை நாள் இருந்தீர்?

சென்ற ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலே, தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டு முன் விறாந்தையில் அமர்ந்திருந்தேன். அயல் ஒழுங்கையில் வசிக்கும் அம்மையார் ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். அவருடைய மகன் முன்னொருகால் என்னிடம் கணிதம் பயின்றவன். இப்பொழுது கனடாவிலே குடும்பத்தோடு வாழ்பவன். அம்மையார் தாம் கொண்டுவந்த சீலைப் பையிலிருந்து கடவுச்சீட்டையும் கனடா நாட்டு நிரந்தர வதிவிட அட்டையையும் எடுத்து, விடைத்தாள்களின் மேலேயே வைத்தார்.

“தம்பி, நீர் கணக்கு வாத்தியார்தானே. நான் அங்கை எத்தினை நாள் இருந்தனான் எண்டு ஒருக்கால் எண்ணிச் சொல்லும்” என்றார்.

நம் குடாநாட்டில் இன்று இவ்வாறு நாள் எண்ணாத ஒழுங்கை அரிது. பஞ்சாங்கத்தைப் பார்த்து நல்ல நாள் குறித்த நம் தாய்மார், இப்பொழுது கலண்டரைப் பார்த்துக் கனடா நாளும் இலண்டன் நாளும் குறிக்கின்றனர். ஆதலின் அந்த அம்மையாருடைய கணக்கை வாசகர்க்கு விரித்துரைப்பது பயன் தருமென எண்ணுகின்றேன்.

கனடாவிலே 2002ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நிரந்தர வதிவிட உரிமை பெற்ற ஒருவர் எந்த ஐந்தாண்டுக் காலத்திலும் 730 நாளேனும் அந்நாட்டில் இருந்திருத்தல் வேண்டும். ஐந்தாண்டு என்பது 1,826 நாள் எனக் கொண்டால், 1,096 நாள் வெளியே தங்கலாம் என்பது அதன் பொருள். அஃதாவது ஐந்தில் இரண்டு பங்கு அங்கே. மூன்று பங்கு எங்கேயும். தொடர்ந்து இருக்க வேண்டுமென்பதில்லை. விட்டு விட்டும் இருக்கலாம். இறங்கிய நாளும் ஏறிய நாளும் இருந்த நாளாகவே கொள்ளப்படும். பிற நாட்டுச் சட்டங்களோடு ஒப்பிட்டால் இஃது இரக்கமுள்ள சட்டமென்றே கூறலாம்.

நம் விமான நிலையத்தில் குத்திய முத்திரைகளையும் பழைய பயணச்சீட்டுத் துண்டுகளையும் ஒப்பிட்டு எண்ணினேன். அம்மையாரும் கணவரும் ஒரு டிசெம்பர் முதலாந் திகதி அங்கே போய் இறங்கினர். முதன்முறை 421 நாள் இருந்தனர். குளிர் தாங்காமற் கணவர் ஊருக்கே திரும்பிவிட வேண்டுமென்றார்; இருவரும் திரும்பினர். பின்னர் பேரன் பிறந்தபோது அம்மையார் தனியே சென்று 203 நாள் இருந்தார். அவ்வேளையிலேதான் கணவர் பாரிசவாதத்தினால் விழுந்தார் என்ற செய்தி போயிற்று. ஓடி வந்தவர், ஒன்றரை ஆண்டு அவரைத் தூக்கிக் கிடத்திப் பராமரித்தார். சென்ற ஆவணியில் அவர் காலமாயினார். 421உம் 203உம் சேர்ந்தால் 624. இன்னும் வேண்டியவை 106 நாள். வரும் நவம்பர் 30ஆந் திகதியோடு ஐந்தாண்டு நிறைகிறது. பின்னோக்கி எண்ணினால், ஓகஸ்ட் 17ஆந் திகதிக்குள் அவர் அங்கே இறங்கியாக வேண்டும்.

“ஆட்டைத் திவசம் செப்டெம்பர் பதினாலிலை வருகுது, தம்பி” என்றார் அம்மையார்.

திவசம் முடித்து, செப்டெம்பர் 20ஆந் திகதி போய் இறங்கினால், நவம்பர் முடிவுவரை 72 நாள். 624உடன் சேர்த்தால் 696. முப்பத்துநான்கு நாள் குறைகின்றது. தாளில் எழுதிய அந்த 34ஐ இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் கரும்பலகையில் எத்தனையோ கழித்தற் கணக்குகளைச் செய்து காட்டியிருக்கின்றேன். அவற்றின் விடையைக் கண்டு ஒருபோதும் இவ்வாறு வருந்தியதில்லை.

“அவரோடை நாப்பத்திநாலு வருஷம் இருந்தனான். அதை ஒருத்தரும் எண்ணேல்லையே” என்று சொல்லிக் கடவுச்சீட்டைப் பைக்குள் வைத்தார்.

நிற்க. இவ்விடத்திலே வாசகருட் சிலர், “இந்தக் கணக்கெல்லாம் வேண்டாத கொடுமை” என்று சினத்தல் கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. ஒரு நாடு தன் வாயிலைத் திறந்து, “வந்து நிலையாக வாழுங்கள்” என்று கூறுமாயின், வந்தவர் உண்மையாகவே வாழ்கின்றனரா என்று கேட்கும் உரிமை அதற்கு உண்டு. வைத்தியசாலை, பாடசாலை, முதியோர் உதவி என்பனவெல்லாம் அங்கே வரி செலுத்துவோரின் உழைப்பினால் நடைபெறுவன. ஒருவர் மனத்திலே எந்த நாடு இருக்கின்றது என்பதை எந்த உத்தியோகத்தராலும் அளக்க முடியாது. அவரால் எண்ண முடிவது நாளை மட்டுமே. ஆதலின் நாட்கணக்கு என்பது குற்றமன்று. ஆயின், அக்கணக்கு எவ்வகையானது என்பதிலேதான் நியாயமும் அநியாயமும் அடங்கியுள்ளன.

இதனை நான் உணர்ந்தது கனடாவைக் கண்டு அன்று. நம் மலைநாட்டைக் கண்டேயாகும். ஆசிரிய சேவையில் எனக்கு முதல் நியமனம் கிடைத்தது 2004ஆம் ஆண்டில், மலையகத்துப் பாடசாலையொன்றிலே. அங்கே ஒரு மாணவனின் பாட்டியார், தமக்கு அண்மையிற் கிடைத்த இலங்கைப் பிரசாவுரிமைப் பத்திரத்தைக் காட்டுவதற்காக என்னை லயத்துக்கு அழைத்தார். அதனை அவர் வைத்திருந்தது ஒரு தகரப் பெட்டியிலே. பெட்டியின் அடியில் வேறு பல கடதாசிகளும் இருந்தன. போர்க்காலத்து அரிசிக் கூப்பன் புத்தகம், தோட்டத்துச் செக்ரோலிற் பெயர் இருந்ததென்று கணக்கப்பிள்ளை எழுதிக் கொடுத்த துண்டு, மடிப்பிலே கிழிந்துபோன ஒரு மறுப்புக் கடிதம். அக்கடிதம் அவருடைய கணவருக்கு வந்தது. அவர் சிறுவனாகத் திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்து, தேயிலையிலேயே வளர்ந்து, தேயிலையிலேயே மணம் முடித்தவர்.

1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலாரை வெளியே நிறுத்தியது. அவ்வாறு நின்றவர்க்கு ஒரு வாயில் எனக் கூறப்பட்டது 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம். அவ்வாயிலிலும் ஒரு நாட்கணக்கு இருந்தது. மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வசித்திருத்தல் வேண்டும். எக்காலத்துக்கு முன்? 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன். அதன் பின்னரும் விண்ணப்பிக்கும் நாள்வரை வசிப்பு அறுதலாகாது. ஒரு முறை வெளியே சென்றால் 12 மாதத்துக்கு மேல் தங்குதலும் ஆகாது. விண்ணப்பிக்க இரண்டாண்டு அவகாசம். 1951 ஓகஸ்ட் 5ஆந் திகதியோடு வாயில் மூடப்பட்டது.

பாட்டியாரின் கணவர் 1946இல், தாயார் சாகக் கிடக்கின்றார் என்ற செய்தி கேட்டுத் தலைமன்னார் வழியாகத் தனுஷ்கோடிக்குக் கப்பலேறியவர். தாயார் மறைந்தார். கருமாதி முடிந்தது. தங்கையின் கலியாணம் குறுக்கே வந்தது. கையிலிருந்த பணம் கரைந்தது. மீண்டும் கூலி வேலை செய்து, மண்டபம் முகாமைக் கடந்து திரும்பியபோது பதினான்கு மாதம் ஆகியிருந்தது. இரண்டு மாதம் மிகுதி. அந்த இரண்டு மாதம் அவர் இந்நாட்டில் வாழ்ந்த ஆண்டுகள் அனைத்தையும் அழித்துவிட்டது. அவர் எந்த நாட்டுக்கும் உரியவராகாமலே தோட்டத்து மண்ணில் அடங்கினார்.

இவ்வாறு விண்ணப்பித்த குடும்பங்கள் சிலவல்ல. ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் சென்றன; அவற்றில் அடங்கியோர் 8 இலட்சத்துக்கு மேற்பட்டவர். முதலிற் சட்டத்தைப் புறக்கணிக்குமாறு கூறிய இலங்கை இந்தியக் காங்கிரஸ் பின்னர் கருத்தை மாற்ற, இறுதிக் காலத்திலே விண்ணப்பங்கள் குவிந்தன. முடிவிற் பதிவு பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மாத்திரமே. எஞ்சியோரின் விதியை 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை பங்கிட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மிகுந்த ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

இனி, கனடாவின் 730 நாளையும் இலங்கையின் ஏழாண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். ஏழு என்பது பெரிய எண் அன்று. உலகிலே பத்தாண்டு கேட்ட நாடுகளும் உண்டு. குற்றம் எண்ணிலே இல்லை. அஃது எந்தத் திசையில் எண்ணப்பட்டது என்பதிலே உள்ளது. கனடாவின் கணக்கு வருபவருக்கு முன்கூட்டியே சொல்லப்படுகின்றது. குறையும் நாளை அவர் இருந்து நிரப்பலாம். இலங்கையின் கணக்கோ 1949இல் எழுதப்பட்டு, 1946க்கு முன்னே நோக்கியது. மணமானவர் 1939 ஜனவரி தொடக்கமும், மணமாகாதவர் 1936 ஜனவரி தொடக்கமும் இங்கே இருந்திருத்தல் வேண்டும். 1940இல் வந்த ஒருவர் அதன்பின் ஐம்பதாண்டு இங்கேயே உழைத்துக் கிடந்தாலும் அந்த ஏழாண்டு நிரம்பாது. கடந்துபோன காலத்திலே யார் சென்று வசிக்க முடியும்? இருந்து நிரப்ப முடியாத கணக்கு, கணக்கு அன்று, பூட்டு.

அன்றியும், நிரூபிக்கும் பாரம் முழுவதும் எழுத்தறியாத தொழிலாளரின் தலைமேல் விழுந்தது. அன்று கடவுச்சீட்டு முத்திரையோ பயணச்சீட்டுத் துண்டோ அவர்களிடம் இருக்கவில்லை. இருந்தது கங்காணியின் வாய்மொழியும் தோட்டத்துப் பதிவேடுமே. தோட்டம் கைமாறியபோது பதிவேடு தொலைந்தால், அவர்தம் வாழ்வும் தொலைந்தது.

இறுதியிலே 2003ஆம் ஆண்டில் நிறைவேறிய இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் அந்தப் பூட்டைத் திறந்தது. அது கேட்டது ஒன்றே: 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி தொடக்கம் இங்கே நிரந்தரமாக வசித்தவரா, அல்லது அவ்வாறு வசித்தவரின் வழித்தோன்றலா? ஆம் எனப் பிரகடனம் செய்து, சமாதான நீதவானின் ஒப்பமும் பெற்றால் போதும். அவ்வாறு பெற்ற பத்திரத்தையே பாட்டியார் எனக்குக் காட்டினார். கணவருடைய மறுப்புக் கடிதத்தை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். “அவரு பேரு எழுதியிருக்கிற கடுதாசி இது ஒண்ணுதானுங்களே சார்” என்றார்.

நிரப்ப முடியாத கணக்கு ஒருவகை. ஓடுகிறவன் பாதிவழி வந்தபின் எல்லைக் கல்லைத் தூக்கி அப்பால் நடுவது மற்றொரு வகை. பிரித்தானியாவிலே, தொழில் அனுமதி பெற்றுச் சென்றவர்கள் நான்காண்டு வசித்தால் நிரந்தர வதிவிடம் கேட்கலாம் என்றிருந்தது. 2006 ஏப்ரல் 3ஆந் திகதி அது ஐந்தாண்டாக்கப்பட்டது. ஏற்கெனவே மூன்றாண்டு, மூன்றரை ஆண்டு முடித்தவர்க்கும் புதிய கணக்கே என்றனர். மிகு திறமையுடைய குடிவரவாளருக்கான திட்டத்தின்கீழ்ச் சென்றோர் நீதிமன்றத்தை நாடினர். “நான்காண்டு என்று கூறி அழைத்தீர்கள், அதனை நம்பி வீடு வாசலை விட்டு வந்தோம்” என்பது அவர்கள் வாதத்தின் சாரம். 2009இல் இங்கிலாந்தின் மேல் நீதிமன்றம், அம்மாற்றத்துக்கு முன்னர் அத்திட்டத்திற் சேர்ந்தவர்கட்கு நான்காண்டே செல்லுமென அவர்கள் பக்கம் தீர்த்தது. எனினும் கல் அசையாது நின்றுவிடவில்லை. 2025 மே மாதத்தில் அந்நாட்டு அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கையிலே, பொதுவாக ஐந்தாண்டாக இருந்ததைப் பத்தாண்டாக உயர்த்தும் எண்ணம் கூறப்பட்டது. அங்கே முதியோர் பராமரிப்பு வேலைக்குச் சென்ற என் பழைய மாணவி ஒருத்தி அப்போது எழுதினாள்: “சேர், நான் மூன்று வருஷம் முடித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது முடித்தது மூன்றா, மிச்சம் ஏழா என்று தெரியவில்லை.”

ஆகவே வதிவிடக் கணக்கின் நியாயத்தை மூன்று வினாக்களால் உரைத்துப் பார்க்கலாம். அதன் முடிவு வருபவர் கண்ணுக்குத் தெரிகின்றதா? இருந்து அதனை நிரப்ப முடியுமா? சாவும் நோயும் குறுக்கிட்டால் மனிதர் ஒருவர் கேட்டுத் தீர்க்க அதில் இடமுண்டா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை தருமாயின், ஆண்டு ஐந்தாயினும் பத்தாயினும் மனிதர் பொறுத்து நடப்பர். இல்லையெனின், ஏழாண்டும் எழுபதாண்டாகிவிடும்.

மூன்றாம் வினாவே நம் அம்மையாருக்கு உயிர்நிலை. கனடாச் சட்டத்திலே அதற்கு இடமுண்டு. நாள் குறைந்தவுடன் உரிமை தானே அற்றுப்போவதில்லை. உத்தியோகத்தர் ஒருவர் விசாரித்து முடிவு செய்தல் வேண்டும். அவர் மனிதாபிமானக் காரணங்களையும், முடிவினாற் பாதிக்கப்படும் சிறு பிள்ளைகளின் நலத்தையும் நோக்குதல் வேண்டும். பாதகமான முடிவு வெளிநாட்டிலுள்ள விசா அலுவலகத்திற் கூறப்பட்டால், 60 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். நோயாளியான கணவரைப் பராமரிக்கத் தங்கியவர் என்பது சொல்லத்தக்க காரணமே. ஆயின் அது நிச்சயமாக ஏற்கப்படும் என்று கூற நான் சட்டத்தரணியல்லேன். அவருடைய மகன் அங்கே ஒரு சட்டத்தரணியைக் கலந்திருக்கின்றான்.

வெளிநாட்டு வதிவிடம் பெற்ற தாய் தந்தையரை வீட்டில் வைத்திருக்கும் வாசகர்க்குச் சில சொற்கள். ஒரு கொப்பி வாங்குங்கள். போன நாள், வந்த நாள், போன காரணம் ஆகிய மூன்றையும் அன்றன்றே எழுதுங்கள். காலாவதியான கடவுச்சீட்டைப் பழசென்று எறியாதீர்கள். அதிலுள்ள முத்திரையே நாளைய சாட்சி. வைத்தியசாலைத் துண்டு, மரணச் சான்றிதழ், பயணச்சீட்டு என்பவற்றை ஒரே உறையிலிட்டு வையுங்கள். அட்டை காலாவதியாவது வேறு, உரிமை அற்றுப்போவது வேறு. அட்டை முடிந்துவிட்டதனால் எல்லாம் போயிற்றென்று கலங்குவோர் பலர். வெளியே இருக்கையில் அட்டை முடிந்தால், திரும்பிச் செல்வதற்கான பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்கலாம். வதிவிட உரிமையைத் துறப்பதாகக் கூறும் எந்தப் படிவத்திலும், முழுதும் வாசித்து விளங்கிக்கொள்ளாது கையொப்பம் இடாதீர்கள். பிரசாவுரிமைக்குரிய கணக்கு வேறு. கனடாவில் 2017 தொடக்கம் அது ஐந்தாண்டில் 1,095 நாள். இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளலாகாது.

பிள்ளைகட்கும் ஒரு சொல். தாயைக் கூப்பிடுமுன் இந்தக் கணக்கை அவருக்கு விளங்கச் சொல்லுங்கள். “அட்டை எடுத்தாயிற்று, இனிப் போகலாம் வரலாம்” என்று சொல்லிவிட்டு, ஐந்தாம் ஆண்டின் கடைசி மாதங்களிலே தொலைபேசியில் அவசரப்படுத்துவது முறையன்று. எழுபதை நெருங்கும் ஒருவருக்கு 730 நாள் என்பது வெறும் எண்ணன்று. கோயிற் கொடியேற்றமும், அயலாரின் நன்மை தின்மைகளும், கிணற்றடி வாழைகளும் நீங்கிய 730 நாள்.

மலையகத்திலே ஏழாண்டுக் கணக்கு நடைபெற்ற காலத்தில், வடக்கிலிருந்த நம்மவருட் பலர் அதனை வேறு யாருடையதோ விடயமென்று எண்ணி வாளா இருந்தனர். இன்று நம் ஒழுங்கைகளிலே தாய்மார் கலண்டரைப் புரட்டுகின்றனர். பதினான்கு மாதத்துக்காக ஒருவர் வாழ்வை இழந்த கதை அப்பொழுதே நம் கதையாகத் தோன்றியிருத்தல் வேண்டும். பிந்தியேனும் தோன்றினால் நன்று.

அம்மையார் என்ன செய்தார் என்று வாசகர் கேட்பீர்கள். ஓகஸ்ட் 17ஆந் திகதி வந்தது, போயிற்று. அவர் போகவில்லை. ஆட்டைத் திவசம் குறித்த நாளிலே ஒழுங்காக நடைபெற்றது. நானும் சென்று உணவருந்தி வந்தேன். மறுநாள் மாலை அவர் மீண்டும் வந்தார். அதே சீலைப் பை. இம்முறை அதற்குள் ஒரு கொப்பியும் இருந்தது. முதற் பக்கத்திலே தம் கையாலேயே நாட்களை எழுதியிருந்தார்: 421, 203. அடியிலே குறைகின்ற 34ஐயும் மறைக்காது எழுதி, அதற்கு நேரே, “இவரைப் பார்த்தது” என்று காரணமும் குறித்திருந்தார்.

“கணக்குச் சரிதானே தம்பி?” என்றார்.

சரி என்று சொல்லி, ஆசிரியப் பழக்கத்தினாலே பக்கத்தின் கீழே ஒரு சரி அடையாளமும் இட்டுக் கொடுத்தேன். வரும் வெள்ளிக்கிழமை அவர் புறப்படுகின்றார்.